தன் நூலையே மறுத்த சட்ட அறிஞர்

என் மகனை இந்தியாவுக்கு நாடு கடத்தும் உத்தரவு வந்தபோது நான் ஜொகூரில் பத்து பாகாட் கோர்ட்டில் இண்டர்பிரட்டர். அவன் பாலோவில் ரப்பர் தோட்டப் பள்ளி வாத்தியார். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்காகத் தோட்டத் துரையிடம் பேசப் போயிருக்கிறான். உத்தரவு போட அதுவே போதுமானதாக இருந்தது. சிறுவனாக அப்பாவோடு இங்கே தோட்ட வேலைக்கு வந்தவன் நான்; இந்தியாவை அவன் பார்த்ததே இல்லை.

வக்கீல் சிவகுருவிடம் போனேன். எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் ஜொகூர் அரசமைப்பைப் பற்றி எழுதிய நூல்தான் அதிகாரிகளுக்கு ஆதாரம். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை எங்கே பிறந்தாலும் தகப்பன் நாட்டுக்காரனே என்பது அவர் கருத்து. அதை எழுதியவர் ஓர் ஆளை நேரில் பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"மகன் எங்க பிறந்தவர்?" என்று கேட்டார்.

"பாலோவுலதான், ஐயா."

"ஊருக்குப் போனா ஆர் இருக்கினம்?"

"யாருமில்லீங்க. எங்க அப்பா ஊர்ப் பேரே அவனுக்குத் தெரியாது."

அலமாரியிலிருந்து தன் நூலை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு, "நான் வாறன். ஆனா என்ர புத்தகத்தாலயே எனக்கு அடிப்பாங்கள்" என்றார்.

அப்படியே நடந்தது. அரசாங்க வக்கீல் அவர் நூலின் பக்கத்தை ராகம் போட்டு வாசித்தார். கோர்ட்டே சிரித்தது. தன்னை ஆளும் சுல்தானின் பாதுகாப்பில் பிறந்து வளர்ந்தவனைத் தகப்பனின் ஊரைக் காட்டி வெளியேற்ற அரசமைப்பில் இடமில்லை என்று சிவகுரு வாதாடினார். அப்படியானால் உங்கள் கருத்து எப்போது தவறானது என்று நீதிபதி கேட்டார். எழுதிய அன்றே தவறு, எனக்குத்தான் இப்போது தெரிந்தது என்றார் அவர்.

உத்தரவு ரத்தானது. சிவகுருவைப் பத்திரிகைகள் பச்சோந்தி என்றன. அரசாங்கம் அவரிடம் ஆலோசனை கேட்பதை நிறுத்தியது.

ஏன் மனம் மாறினீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"அதை எழுதேக்க லண்டன் புத்தகங்களைக் கேட்டனான். இங்க இருக்கிற ஒருத்தரையும் கேக்கேல்லை" என்றார்.

மகன் வீடு திரும்பத் தாமதமானால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இண்டர்பிரட்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாடு கடத்தும் உத்தரவை ஒருவருக்கு மொழிபெயர்க்கும் முன், அவர் எங்கே பிறந்தவர் என்று கேட்க நீதிபதியிடம் அனுமதி கேளுங்கள். அது உங்கள் வேலையல்ல என்று கடிந்துகொள்வார்கள். என்னையும் கடிந்துகொண்டார்கள். ஆனால் கேள்வி கோர்ட்டில் எல்லோர் காதிலும் விழுந்துவிடும். பதில் சொல்ல அந்த ஆள் வாயைத் திறப்பார்.