பாட்டு நின்ற பிறகும் சுற்றியவர்

என் கல்யாணப் பேச்சு வரும் வரைக்கும் என் அப்பா தாவீதுராஜ் யாரையும் சிரிக்க வைத்ததில்லை. பஞ்சு மில்லில் பதினெட்டு வருசம் நூற்கும் மெஷின்களுக்கு நடுவே நின்றவர். அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆனால் மில்லுக்காரர்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கத் தெரியும். எதிரே நின்று பேசுகிறவருக்கு, அப்பாவுக்குக் காது கேட்காது என்பதே தெரியாது. முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால்தான் குட்டு உடையும்.

என்னைப் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் அது உடைந்தது. வம்சத்திலேயே செவிடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மில் சத்தம் எப்படி வம்சத்தில் ஏறும்? யோசிக்க அவர்களுக்கு மூளை இல்லை, கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. எனக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. பாளையம்பட்டியில் அது பெரிய வயசு. இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா தெரசாள் தினமும் ஜெபத்திலேயே அழுதாள்.

‘இது’ என்பது திருச்சுழி மாப்பிள்ளை கிறிஸ்டோபரின் வீடு. தொண்ணூற்றொன்றில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் நிச்சயத்துக்கு நாள் குறிப்பதாகப் பேச்சு.

கிறிஸ்டோபரின் அக்கா ஜெப ஷீலா ஒரு டீச்சர். நாலு பேர் கூடினால் விளையாட்டு வைக்காமல் விடமாட்டார். முதலில் ஒரு தட்டில் இருபது பொருள் வைத்து, ஒரு நிமிடம் காட்டி மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். அப்பா பத்தொன்பது எழுதி ஜெயித்தார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டு டேப் ரிக்கார்டரை எடுத்து வந்தார். பாட்டு ஓடும்போது சுற்ற வேண்டும், நின்றதும் உட்கார வேண்டும். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“அவுகளுக்கு முழங்கால் வலி” என்று அம்மா பொய் சொன்னாள்.

“பாட்டுக்கு நடக்குறதுல என்ன வலி? வாங்க மாமா” என்று ஜெப ஷீலா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

அம்மா நேராக டேப் ரிக்கார்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பாட்டு நின்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்பா அந்த ஜாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா முகம் துடைக்கத் துடைக்க ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசியில் ஒரே நாற்காலி, அப்பாவும் கிறிஸ்டோபரும். அந்த நேரம் பார்த்தா மாப்பிள்ளையின் அம்மா வர வேண்டும்? நிச்சயத்துச் சேலையைக் காட்டுகிறேன் என்று என் அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாட்டு நின்றது. கிறிஸ்டோபர் உட்கார்ந்துவிட்டார். அப்பா, அம்மா போன வாசலையே பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

“மாமா, பாட்டு நின்னுபோச்சு” என்று ஜெப ஷீலா பின்னாலிருந்து சொன்னார். பிறகு சத்தமாக இன்னொரு தடவை. சிரிப்பு அடங்கியது. கிறிஸ்டோபரின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆண்டவரே, என்னை இப்போதே எடுத்துக்கொள் என்று நினைத்தேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இடுப்பில் கை வைத்து, ஆட்டிக்கொண்டே இன்னும் ஒரு சுற்று வந்து, தொப்பென்று கிறிஸ்டோபரின் மடியில் உட்கார்ந்தார்.

வீடே அதிர்ந்தது. “பொண்ணுக்கு அப்பா செமத் தமாசுக்காரராவுல்ல இருக்காரு” என்று கிறிஸ்டோபரின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மில் மேஸ்திரிக்குக்கூடப் பல்லைக் காட்டாத என் அப்பா! அன்றைக்கே நாள் குறித்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் தமாசுக்காரர்தான். பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் அதுவும் தமாசு. மாற்றிப் பதில் சொன்னால் அதுவும் தமாசு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“யப்பா, சொல்லிருவோம்” என்று கெஞ்சினேன்.

“ஒனக்கு ஒரு பிள்ள பெறக்கட்டும்த்தா. அதுக்குக் காது நல்லாக் கேட்டுட்டா, அப்புறம் எவன் என்ன சொல்லுவான்? அதுவரைக்கும் ஆடுறேன்.”

தொண்ணூற்று மூன்றில் மகன் பிறந்தான். ஞானஸ்நானம் முடிந்து எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். ஜெப ஷீலா கை தட்டினார். குழந்தை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. அப்பா அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

“எனக்குக் காது கேக்காது. பத்து வருசமாவே சுத்தமாக் கேக்காது. அன்னைக்குப் பாட்டு நின்னது எனக்குத் தெரியாது. ஒங்கள ஏமாத்திட்டேன், மன்னிச்சிருங்க” என்றார்.

ஒரு நொடிதான். “ஆரம்பிச்சுட்டாகய்யா மாமா!” என்று கிறிஸ்டோபர் தொடையில் தட்டினார். கூடம் முழுக்கச் சிரித்தது. ஜெப ஷீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

‘நெசந்தான்’ என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார். இரண்டு வருசமாக நானும் ஏமாற்றியிருந்தேன். பயமாக இருந்தது.

அப்பா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் என் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது.