கிராமத்தைக் கெடுக்காத படங்கள்

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பல காலம் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என் மனைவி. துருக்கிக்குப் புறப்படும்போது என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அங்க என்னைய வச்சு நல்லதா ஒரு படம் எடுங்கலா. நான் போறேன்னு சொன்னா, என்கூட வேலை செஞ்சவளுங்க நம்ப மாட்டேங்கிறாளுங்க."

நான் வரலாறு கற்பித்தவன். பெரிய மனதோடு தலையாட்டினேன்.

இரண்டு கடல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பம். அதன் மலைச்சரிவுகளில் பழைய கிராமங்கள், கல்வீடுகள், பாதாம் மரங்கள். பழமை அப்படியே இருக்கும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். இருந்தது, அதன் தலையில் சாட்டிலைட் தட்டும் இருந்தது. என்னை ஏமாற்றிவிட்டதாகவே நினைத்தேன். மரத்தடியில் என் வயதுக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படத்தில் விழாதபடி அதை அகற்றச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, நான் கேட்காமலே தன் மோட்டார் சைக்கிளையும் சுவருக்குப் பின்னால் தள்ளிவைத்தார். என்னைப் போல் நிறையப் பேரைப் பார்த்தவர்.

பக்கத்து வீட்டுத் தட்டைக் கூரையில் ஒரு பெண் அத்திப்பழம் காயவைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி படியேறிப் போய் அவளோடு சேர்ந்து பழங்களைப் புரட்டத் தொடங்கினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

"இப்ப எடுங்க" என்றாள்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு. கிராமம் கிராமமா தெரியணும்."

"நான் மட்டும் என்னா, ஷாப்பிங் மாலா?"

இறங்கி வந்தாள். அதன்பிறகு எல்லாக் கிராமங்களிலும் என் தொப்பியையும் தண்ணீர்ப் புட்டியையும் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நின்றாள்.

ஊர் திரும்பியபின், தீபாவளிக்கு அவளுடைய தொழிற்சாலைத் தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள். படங்களைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டுக் கட்டடக்கலையை விளக்கினேன்.

"அக்கா எங்க, அண்ணே? நீங்க மட்டும் போயிட்டு வந்தீங்களா?" என்றாள் ஒருத்தி.

"அந்தா பாரு, ஆட்டுக்குப் பக்கத்துல செவப்பா. அது என் சால்வைலா" என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு டீ போடப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. நான் செய்தது தவறு. அப்போதே அடுக்களைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கல்தச்சர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இங்கே டத்தோ கிராமாட்டில், எங்கள் வீட்டு வாசலில் அவள் மோர் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். கேமராவோடு வந்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் படம் எடுக்கலாமா என்று கேட்டான். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவன் என்னை விலகச் சொல்லி மிகவும் மரியாதையாகக் கையை அசைத்தான்.

மனைவி என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். யாரும் கேட்காமலே பிளாஸ்டிக் நாற்காலியையும் தூக்கிக்கொண்டேன். அவள் முந்தானையைச் சரிசெய்து மிளகாயைப் புரட்டினாள். முகத்தில் அந்தக் கூரைச் சிரிப்பு.

"படத்த எனக்கும் அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

நாற்காலியை இறக்கி வைக்காமலே, அவனிடம் ஆங்கிலத்தில் கெஞ்சிக் கேட்டேன்.