மொட்டை மாடியில் ஒரு சாவு வீடு

எங்கள் பாட்டு மன்றத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு தண்ணீர் டிரம் இருக்கிறது. அதன் மேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சொம்பு கவிழ்ந்து கிடக்கும். விளிம்பில் விரிசல் விட்ட சொம்பு. மொண்டால் பாதித் தண்ணீர் வழியிலேயே ஒழுகிவிடும். புதிதாகச் சேர்கிறவர்கள், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமே என்பார்கள். "தொட்டுப் பாருங்க" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது மூக்கண்டப்பள்ளி முழுக்கத் தெரியும் என்பதால் இதுவரை யாரும் தொட்டதில்லை.

மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வாடகை லைன் வீடுகளுக்கு மேலே ஒரு மொட்டை மாடி, தலைக்கு மேல் தகர ஷீட், கீழே இரண்டு ஜமுக்காளம், அவ்வளவுதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யார் வேண்டுமானாலும் வந்து தன் ஊர்ப் பாட்டைப் பாடலாம். கெலமங்கலத்து ஆட்கள் தெலுங்கில் நடவுப் பாட்டு எடுப்பார்கள். ஆனேக்கல் பக்கத்துப் பெண்கள் கன்னடத்தில் கல்யாணப் பாட்டு பாடுவார்கள். செயலாளர் சேலத்துக்காரர், வெல்டர். அவர் பம்பையைத் தட்டினால் கீழ் வீட்டில் பாத்திரம் ஆடும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட வீட்டுக்கார அம்மா ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். ஒப்பாரி மட்டும் கூடாது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி என்பார். அந்தப் பயம் எங்களுக்கும் இருந்ததால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

லீடரக்காவும் பேசவில்லை. காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எங்கள் லைனுக்கு அவர்தான் லீடர். அதனால் அந்தப் பெயர். கல்லாவிப் பக்கத்துப் பெண். மன்றத்தில் எப்போதும் கும்மிதான் பாடுவார். வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டார் என்று பிறந்த வீட்டில் அவரைத் தலைமுழுகியிருந்தார்கள். அம்மா மட்டும் மகன்களுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டு, "சாப்டியா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

அந்த அம்மா ஒருநாள் இறந்துபோனார். செய்தி சொன்னதும் அதே பக்கத்து வீட்டு போன்தான். அக்கா பஸ் பிடித்து ஓடினார். தெருமுனையிலேயே அண்ணன்கள் மறித்துவிட்டார்கள். "நீ எங்களுக்கு எப்பவோ செத்துட்ட. இங்க ஒனக்கு யாருமில்ல, போ" என்றார்களாம். பாடை போனபோது அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். வாய்க்கரிசி போடவில்லை, முகம் பார்க்கவில்லை, கட்டிக்கொண்டு அழ ஒரு தோள் கிடைக்கவில்லை. மறுநாள் ஷிப்டுக்கு வந்து வழக்கம்போல எங்களை விரட்டி வேலை வாங்கினார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த அண்ணன்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

அந்த மாதக் கூட்டத்தில் அக்காவின் முறை வந்ததும், "கும்மிய எடுத்து விடுங்கக்கா" என்று செயலாளர் பம்பையை மடியில் வைத்துக்கொண்டார். அக்கா கும்மிக்கு எழுந்து நிற்கவில்லை. ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டார்.

"பம்பைய கீழ வைங்கண்ணா. இன்னிக்கு எங்கம்மாவுக்கு அழணும்."

செயலாளர் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, வீட்டுக்காரம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்று அவர் இழுப்பதற்குள் அந்த அம்மாவே படியேறி வந்துவிட்டார். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது அவர் வழக்கம். "ஏமிடம்மா இதி, என்னம்மா இது? மருமவ மாசமா இருக்கா. அழறதுன்னா சாவு வீட்ல போயி அழும்மா."

"போனேம்மா" என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். "உள்ள விடல. வேற எங்க போயி அழட்டும், நீங்களே சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் ஒப்பாரியை எடுத்தார்.

ஒரு பொட்டு அரிசி எடுத்து ஒன் வாயில் போடலியே
ஊரு சனம் பாத்த மொகம் நான் ஒருத்தி பாக்கலியே
தெருமொனையில் நிறுத்திப்புட்டான் என்னப் பெத்த எங்கம்மா
தேரேறி நீ போக தூர நின்னேன் எங்கம்மா

எங்கள் பக்கம் ஒருத்தி ஒப்பாரி வைத்தால் அவளைத் தனியாக அழ விடமாட்டார்கள். போய்த் தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பாட்டு யாருடையதானாலும் அவரவர் சாவுக்கு அவரவர் அழலாம். நான் எழுந்து போய்க் கட்டிக்கொண்டேன். என் பின்னால் கெலமங்கலத்துப் பெண்கள் வந்தார்கள், ஆனேக்கல் பெண்கள் வந்தார்கள். மூன்று பாஷையில் அந்த மாடி அழுதது. எதிர் மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் துணியோடு நின்றார்கள். எங்கள் ஒப்பாரி கல்லாவி வரைக்கும் கேட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டுதான் நான் அழுதேன்.

முடிந்து இறங்கும்போது, இனி இந்த மாடி நமக்கில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கீழே வீட்டுக்கார அம்மா குழாயைத் திறந்து டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தார். கையில் அந்தச் சிவப்புச் சொம்பு.

"தலைக்கு ஊத்தாம ஒருத்தரும் வாசல் தாண்டக் கூடாது. சாவுக்குப் போயிட்டு அப்பிடியே வீட்டுக்குப் போவாங்களா?"

அவருக்குத் தீட்டுப் பயம், வேறொன்றுமில்லை. ஆனால் அக்கா அந்தச் சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். "ஆமாம்மா, சாவுக்குத்தான் போயிட்டு வரோம்" என்றார். சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டார். அண்ணன்கள் தர மறுத்ததை, திட்டிக்கொண்டே ஒரு தெலுங்கு அம்மா கொடுத்துவிட்டார். அடுத்து செயலாளர் சட்டையோடு ஊற்றிக்கொண்டார். அப்புறம் நான். சொட்டச் சொட்ட நனைந்து பஸ் ஏறிய எங்களைப் பார்த்து, எங்கேம்மா மழை என்று கண்டக்டர் கேட்டார்.

மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆனது. கட்டுப்பாடும் மாறியது. ஒப்பாரி பாடலாம், போகும்போது தலைக்கு ஊற்றிக்கொண்டு போக வேண்டும்.

இந்த வருடம் ஆண்டு விழாவுக்குக் குளுகுளு மண்டபம் இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். மங்களமான பாட்டு மட்டும் போதும், சாவுப் பாட்டு வேண்டாம் என்றார். செயலாளர் என்னைப் பார்த்தார். "எங்களுக்கு மாடியே போதுங்க, அங்க நாங்க சாவுக்கும் அழலாம்" என்றேன். வந்தவர் காபியைக் குடிக்காமலே போய்விட்டார். ஆனேக்கல் பக்கம் குடிபோய்விட்ட லீடரக்காவுக்கு போனில் இதைச் சொன்னதும், "ஞாயித்துக்கெழம வரேன், டிரம்ம ரொப்பி வை" என்றார்.

ரொப்பிவிட்டேன். சொம்பும் டிரம் மேலேதான் இருக்கிறது.