மாப்பிள்ளை அழைப்புக்கு எந்த டர்போ?

உளுந்துச் செடி கருகுகிற வாசனை வந்தால் மற்றவர்களுக்கு எது ஞாபகம் வருமோ தெரியாது. எனக்கு என்னுடைய பழைய சிவப்பு காரின் அடிப்பாகம்தான் ஞாபகம் வரும்...

சார்ஜாவிலிருந்து ஊர் திரும்பிய கையோடு வாங்கிய செகண்ட் ஹேண்ட் செடான் அது. 1.8 டர்போ பெட்ரோல். கோயம்புத்தூர் வரை கொண்டுபோய் ஸ்டேஜ் ஒன் ரீமேப் போட்டேன், எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றி வேகம் கூட்டுகிற முதல் கட்டம் அது. ஸ்பிரிங் மாற்றி உயரத்தையும் குறைத்தேன். எங்கள் தெரு வேகத்தடையில் குறுக்காக ஏற்றினால்தான் தாண்டும். அதிலும் ஒரு பெருமை அப்போது.

என் அண்ணனிடம் வெள்ளை நிறத்தில் 2.0 டர்போ டீசல். ஆட்டோமேட்டிக், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் சோறு இறங்காது, சண்டைதான் நடக்கும்.

"ஒன் வண்டி மிதிச்சா கொஞ்சம் யோசிச்சிட்டுப் போவுது. என் வண்டி சொன்னவொடனே போவும்" என்பான் அண்ணன்.

"டர்போ எந்திரிக்கிற வரைக்கும்தாண்ணே அது. அப்புறம் என் பின்னாடி லைட்டுதான் ஒனக்குத் தெரியும்" என்பேன் நான்.

"டீசல்ல சும்மா சாஃப்ட்வேர் மாத்துனாலே டார்க்கு, அதான் இழுவ, எவ்ளோ ஏறும் தெரியுமா?"

"ஏறும். கியர்பாக்ஸ் தாங்கணுமே!"

அந்த நேரத்தில்தான் அக்கா மகள் நித்யாவுக்குக் கல்யாணம் முடிவானது. குடவாசலில் மண்டபம். தாய்மாமன்கள் நாங்கள் இரண்டு பேர். மாப்பிள்ளை அழைப்புக்கு யார் கார் என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "என்னுது" என்றோம். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். அவள் மாப்பிள்ளையை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது அவளுடைய சின்ன வயதிலிருந்தே என் மனதில் இருந்த ஆசை. விட்டுக்கொடுக்க மனசே வரவில்லை.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "கல்யாண வீட்ல அடிச்சிக்காதீங்கடா. நீங்களே பேசி முடிச்சிட்டு வாங்க."

பேசியா முடிப்போம்? ரேஸ்.

இன்னும் திறக்காத புது பைபாஸ். பங்குனிக் கடைசி, விடிந்தும் விடியாத நேரம். நேரான ரோடு, ஈ காக்கா கிடையாது. ஹார்ன் அடித்துக் கிளம்பினோம். எடுத்த எடுப்பில் அண்ணன் முன்னால். பிறகு என் டர்போ எழுந்தது... அவனைத் தாண்டினேன். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள், தாண்டினேன்!

அப்போதுதான் எதிரே ரோடு மேடாகத் தெரிந்தது. ரோட்டை அடைத்து உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். பிரேக்கை அழுத்தி, அதன் மேலேயே ஏறிப் போய் நின்றேன். அண்ணன் பின்னாலேயே வந்து நின்றான்.

திட்டப் போகிறார்கள் என்று பயந்தபடி இறங்கினேன். இடுப்பில் கைவைத்து ஓர் அம்மா வந்தார்.

"ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? நேத்துலேந்து காத்துக்கெடக்குறோம், ஒரு வண்டி வரல. செத்த நேரம் ஏறி எறங்குனா மணி உதிர்ந்துரும். இன்னும் ரெண்டு மூணு தடவ போயிட்டு வாங்க. மெதுவா போங்க, தெறிக்குது!"

மறுக்க முடியுமா? இரண்டு டர்போவும் உளுந்து மிதிக்க ஆரம்பித்தன. அண்ணன் கார் உயரம், சிக்கலில்லை. என் கார்தான் தரையோடு தரையாச்சே... செடியெல்லாம் அடியில் சுற்றிக்கொண்டது. சைலன்சர் சூட்டில் புகைய ஆரம்பித்தது. நான்கு பெண்கள் ஓடிவந்து குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு ஊற்றினார்கள்.

அண்ணன் கைகட்டி நின்று கேட்டான்: "என்னடா, ஸ்டேஜ் டூவா?"

அந்த அம்மா என்னிடம், "நீங்க ஓரமா நில்லுங்க தம்பி. அந்த வெள்ளக் காரே போதும்" என்றார்.

தீர்ப்பு அவ்வளவுதான். எத்தனை முறை கழுவியும் என் காரில் புகை நாற்றம் போகவில்லை. அதில் மாப்பிள்ளையை உட்கார வைக்கவும் முடியாது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உண்மையாகவே அழுகை வந்தது.

சித்திரையில் கல்யாணம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். வெள்ளைக் காரில் பூ, உள்ளே மாப்பிள்ளை, ஸ்டியரிங்கில் என் அண்ணன். நான் பின்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.

முன்னால் நாதஸ்வரம். நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு முக்கிலும் நின்று நிதானமாக வாசிக்கிறார். கார் ஓர் அடி நகரும், நிற்கும். ஓர் அடி நகரும், நிற்கும்... எந்த வண்டி சீக்கிரம் நூறைத் தொடும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோமே, ஊர்வலம் நடை வேகத்தில் போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை!

பாதி வழியில் கார்க் கண்ணாடி இறங்கியது. அண்ணன் முகம் வேர்த்திருந்தது.

"தம்பி... இங்க வாயேன். கியர்பாக்ஸ் சூடாயிருச்சாம். நிறுத்துன்னு லைட்டு எரியுது. யாருக்கும் தெரிய வேணாம், செத்த தள்ளுடா."

'தாங்கணுமே' என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் அக்காவின் கணவர் அத்தானை உட்கார வைத்துவிட்டு, அண்ணனும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். டிக்கியில் தோள் கொடுத்து இரண்டு பேரும் மண்டபம் வரை தள்ளினோம்.

மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோனார்கள். "தாய்மாமனுங்க ரெண்டு பேரும் கையாலேயே தள்ளிக் கூட்டியாராங்க பாரு... என்னா மரியாத!"

அக்கா வாசலில் நின்று அழுதுவிட்டாள். காரணத்தை நாங்களும் சரி, அத்தானும் சரி, அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த இரண்டு காரும் கைமாறிப் போய்விட்டன. அண்ணன் தன் மகனோடு கனடாவில் இருக்கிறான். போன வாரம் நான் எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். டர்போ இல்லை, ரீமேப் இல்லை. மிதித்தால் யோசிக்காமல் பறக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லத்தான் ஆள் இல்லை.

அண்ணனிடம் போனில் சொன்னேன். அவன் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஊர்வலத்துல போனா சூடாவுமா?"

"ஆவாதுண்ணே. நாள் முழுக்க நடை வேகத்துல போவும்."



"அப்ப தள்ளவே வேணாமா?... என்னடா வண்டி அது!"