முதுகுக்குப் பின்னால் ஒரு மணி

கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் ஸ்பேனரால் சிலிண்டரின் கழுத்தில் தட்டுவார். டங், டங். பிறகு கொஞ்சம் சும்மா. மறுபடியும் டங், டங். மதுரையின் மே மாத வெயிலில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் எனக்குக் கணுக்கால் நனையும். தைலமரத் தழையின் வாசனை மூக்கில் ஏறும். எதிர்வீடு கரைந்துபோகும், அதன் பச்சை வண்ணக் கதவு கடைசியாகப் போகும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் அடுத்த தட்டு வருமா வராதா என்று ஒரு பத்து வயசுப் பிள்ளை எனக்குள் நின்று காது கொடுக்கும்.

எங்கள் பள்ளிக்கூடம் கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலைக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. மிஷன் பள்ளி, ஐந்தாம் வகுப்பு வரை. மணி என்று நாங்கள் சொன்னது மணியல்ல. முழ நீளத் தண்டவாளத் துண்டு, பேரிமரக் கிளையில் கம்பியில் தொங்கும். ரயில் ஏறாத மலைக்கு அந்தத் தண்டவாளம் எப்படி ஏறியது என்று யாரும் கேட்டதில்லை.

மேகம் இறங்கும் நாட்களில் பள்ளி விட்ட பிறகும் அது ஓயாது. தைலமரக் காட்டைத் தாண்டிக் கீழே போகிற பிள்ளைகளுக்காக அரைமணி நேரம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்வரை வழி சரி. ஒரு காதுப் பக்கம் ஒதுங்கினால் கால் வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். எழுத்து படிக்கும் முன்பே நாங்கள் படித்த பாடம் அது. வெள்ளைக்குள் வெள்ளையாக நடப்போம். முன்னால் போகிறவளின் சிவப்பு ரிப்பன் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். முதுகில் யாரோ கைவைத்து மெல்லத் தள்ளுவதுபோல அந்தச் சத்தம்.

எங்கள் வகுப்புக்கு ஜெசிந்தாதான் எல்லாம். கடைக்காரர் மகள். அவள் ஸ்வெட்டரில் மேல் பட்டனை மட்டும் போட்டு மற்றதைத் திறந்து விடுவாள். வகுப்பே அப்படித் திறந்துவிட்டது. வகுப்பே இருமியது. கொடைக்கானல் குளிரைப் பட்டனால் தடுக்கலாம் என்று அம்மா எத்தனை முறை சொன்னாலும் பள்ளி வளைவு வந்ததும் என் விரல்கள் தாமாகவே பட்டன்களைக் கழற்றிவிடும். ஜெசிந்தாவுக்கு முட்டைக்கோஸ் பிடிக்காது என்பதால் எனக்கும் பிடிக்காமல் போயிற்று. எங்கள் வீட்டில் வாரம் நாலு நாள் அதுதான்.

நடு வருஷத்தில் பாக்கியம் வந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் கேம்பில் கிடந்து, எங்கெங்கோ கூலிக்குப் போய்விட்டு, அவளும் அவள் அம்மாவும் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அப்பா வழியிலேயே தவறிப்போனார். பெரிய டீச்சர் அவள் அம்மாவுக்குப் பள்ளித் தோட்டத்தில் வேலையும், சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையும் கொடுத்தார். கொட்டகை பள்ளியிலேயே இருந்ததால் மேக நாளில் மணி அடிக்கிற வேலை பாக்கியத்துக்கு வந்தது. ஒரு குறையும் வரக்கூடாது, வந்தால் சபைக்குப் பதில் சொல்ல முடியாது என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஜெசிந்தா அவளைக் "கப்பலு" என்றாள். நாங்களும் கப்பலு என்றோம். அவள் வீட்டைத் தேயிலைத் தோட்டத்து வழக்கப்படி லயம் என்றும், பேச்சுக்குப் பேச்சு தானே என்றும் சொல்வதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் யாரும் இல்லாத நேரம் நான் அவளோடு பேரிமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். அவளுடைய அப்பா தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் தப்புப் பறை அடித்தவர். அதைப் பெரட்டுத் தப்பு என்பாள். மணியை மற்ற பிள்ளைகள்போல விடாமல் அடித்தால் காது அதற்குப் பழகி மறந்துவிடுமாம். இரண்டு தட்டி, நிறுத்தி, மறுபடி இரண்டு தட்டினால்தான் தூங்குகிறவனும் திரும்பிப் பார்ப்பானாம். என் உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டிக் காட்டுவாள். நிறுத்தும்போது என் கை காத்துக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு மேகம் மத்தியானத்திலேயே இறங்கிவிட்டது. பள்ளி விட்டதும் எட்டுப் பேர் கீழ்ப்பாதையில் இறங்கினோம். எங்களோடு ஒன்றாம் வகுப்புச் சின்னவன் ஒருவன். அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் பொறுப்பு ஜெசிந்தாவுடையது. பின்னால் தண்டவாளம் பேசியது. டங், டங். நிறுத்தம். டங், டங். நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். நாற்பது ஜோடிவரை எண்ணியது நினைவிருக்கிறது. அதற்குள் ஜெசிந்தா கடையில் வந்திறங்கிய புது வளையல்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தாள், நாங்கள் அவளைச் சுற்றி நெருங்கிக்கொண்டோம். எப்போது அவள் சின்னவனின் கையை விட்டாள், எப்போது அவன் பின்தங்கினான், ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, இன்றைக்கு மணி விட்டு விட்டு அடிக்கிறதே, யார் அது என்று கேட்டார். அந்தச் சிலோன் பிள்ளை என்றேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அம்மா.

சின்னவனைப் பொழுது சாயும் நேரத்தில் ஓடைப் பக்கம் ஒரு பாறையடியில் கண்டுபிடித்தார்கள். கால் பிசகி, உதடு நீலம் பாரித்து. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் பெரிய டீச்சர் எங்கள் எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தினார். எதிரே பாக்கியம். அவளுக்குப் பின்னால் கையில் மண்வெட்டியோடு அவள் அம்மா.

டீச்சர் பாக்கியத்திடம் அடித்தாயா என்று கேட்டார். அடித்தேன் என்றாள். அவர் குரலில் கோபம் இல்லை; அதை இன்றைக்கு என்னால் சொல்ல முடிகிறது. எங்களில் ஒருத்தியாவது ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். ஒரே ஒரு ஆமாம் போதும், கொட்டகை அவர்களுக்கு நிற்கும்.

ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டு, "மணி கேக்கவே இல்ல டீச்சர். அதான் அவன் வழி தப்பிட்டான்" என்றாள்.

அவளுக்கு உண்மையிலேயே கேட்காமல் இருந்திருக்கலாம். விட்டு விட்டு வந்த அந்தத் தட்டு அவளுக்கு மணியாகவே படாமல், யாரோ தகரம் நிமிர்த்துகிற சத்தமாகப் பட்டிருக்கலாம். அல்லது அவள் கை விட்ட சின்னவனின் கை அவளைச் சுட்டிருக்கலாம். அடுத்தவள் கேக்கல என்றாள். அடுத்தவள், அதற்கடுத்தவள். ஒவ்வொரு கேக்கலவும் முந்தையதைவிடச் சுலபமாக, தெளிவாக வந்தது. வளையல் கதையில் மூழ்கி நடந்த எட்டுப் பேருக்கும் அந்த ஒரு சொல்லில் ஒதுங்க இடம் இருந்தது. அது வரிசையில் என்னை நோக்கி வர வர, நேற்றைய பாதையில் சத்தம் ஒவ்வொரு ஜோடியாகக் குறைந்துகொண்டே வந்தது.

நான் எட்டாவது. பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடை ஓரத்தில் அவளுடைய இரண்டு விரல்கள் அசைந்தன. தட்டு, தட்டு. நிறுத்தம்.

"கேக்கல டீச்சர்" என்றேன்.

டீச்சர் அதோடு விடவில்லை. குனிந்து, "ஒனக்குமா கேக்கலம்மா?" என்றார்.

பக்கத்தில் வரிசையாக ஏழு ஸ்வெட்டர்கள், ஏழு மேல் பட்டன்கள். நான் தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் குழாயடியில் எல்லாப் பெண்களும் அதையே பேசினார்கள். சிலோன்காரப் புள்ள மணியடிக்காமத் தூங்கிருச்சாம். அம்மா குடத்தோடு திரும்பிவந்து அடுப்பில் விறகைத் தள்ளினார். பிறகு, யாரும் கேட்காமலே, "நேத்து அது, காத்துல எங்கிட்டோ தகரம் ஆடிருக்கும்" என்றார். நான் ஆமாம் என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்து உள்ளே வைத்தோம். அதன் பிறகு எங்கள் வீட்டில் அது வெளியே எடுக்கப்படவில்லை.

அதிசயம் என்னவென்றால், இரண்டு வாரத்தில் அந்த நாளின் மணி எனக்கு உண்மையாகவே கேட்காமல் போய்விட்டது. பிள்ளைகள் கேட்கக் கேட்க நானே நின்று நிதானமாக விவரித்தேன்: எவ்வளவு அமைதி தெரியுமா, இலை விழுந்தால் கேட்கும், நாங்கள் எட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தோம், ம்ஹும், ஒன்றுமில்லை. இப்போதும் அந்த நாளை நினைத்தால் பாதை வருகிறது, சிவப்பு ரிப்பன் வருகிறது, ஈரம் வருகிறது. சத்தம் வருவதில்லை. சத்தம் வேறொரு ஊரில், வேறொரு தெருவில், சிலிண்டர்க்காரரின் கையில்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

மாத முடிவில் கொட்டகையைக் காலி செய்துவிட்டுப் பாக்கியமும் அவள் அம்மாவும் கிளம்பினார்கள். கன்னிவாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெங்காயம் பறிக்க ஆள் எடுக்கிறார்களாம். அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எண்ணெய் வாங்கப் பிரிவு ரோட்டுக்குப் போனபோது அவளும் அவள் அம்மாவும் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். மேகம் கழுத்தளவுக்கு இருந்தது. ஓடி ஒளியலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். என் ஸ்வெட்டரின் கீழ்ப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள், குளிரும்தானே என்று சொல்லிக்கொண்டே.

அவள் முகத்தில் கோபம் இல்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. நான் செய்தது ஒன்றும் பெரிதில்லை, அவளே விட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, எண்ணெய்த் தூக்கை வீசி வீசிக் குதித்துத்தான் வீடு திரும்பினேன். அவளிடமிருந்து நாங்கள் எதை எடுத்துக்கொண்டு அனுப்புகிறோம் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. பஸ் கிளம்பும் முன், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ரகசியம் சொல்கிறவள்போல என் காதருகே குனிந்து அவள் சொன்னாள்:

"மத்தவங்க சொன்னப்ப நான் நம்பல புள்ள. நீ பொய் சொல்ல மாட்டதானே. நீயும் கேக்கலன்ன பொறகுதான் எனக்கு வெளங்குச்சு. நான் அடிக்கவே இல்ல போல. அப்பா நெனப்புல, அடிக்கிற கம்பியக் கையில புடிச்சிக்கிட்டு, சும்மா நின்னுருக்கேன்."