மெர்சியின் இடது கை

மேசைக் கவ்வியில் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயிற்றில் எஃகு விரலை வைத்து அழுத்துகிறாள் மெர்சி. விரலிலிருந்து ஒரு குட்டி பல்புக்கு ஒயர் ஓடுகிறது. விரல் உள்ளே நுழைந்து மின்சாரத் தகட்டைத் தொட்டால் பல்பு எரியும், பெட்டி தள்ளுபடி. எரியாவிட்டால் பாஸ். மனித விரல் அளவுக்குக் கடைந்தது அது. எந்த நாட்டுச் சோதனைக் கூடத்திலும் இதே நீளம், இதே பருமன். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஒரே வெரலு, நோவு மட்டும் எனுக்கு" என்பாள்.

எவ்வளவு அழுத்துவது என்பதற்கும் சர்வதேசக் கணக்கு உண்டு. அதைக் காட்டும் கருவி ஆடியில் ரிப்பேருக்குப் போனது, ஐப்பசியாகியும் திரும்பவில்லை. இப்போது கும்மிடிப்பூண்டியின் இந்தக் கம்பெனிக்கு மெர்சியின் மணிக்கட்டுதான் கருவி. மதியத்துக்குமேல் அது துவண்டுவிடும். பொன்னேரியில் வீடு திரும்பினால் மகளுக்குத் தலை பின்னக்கூட எழும்பாது. கணவன் பீட்டர்தான் கோணலும் மாணலுமாகப் பின்னிவிடுகிறான்.

சூப்பர்வைசர் குணாவுக்கு இது தெரியும். நல்ல சரக்கைக் காலையில் அனுப்புவான். மூடி மெலிந்த சந்தேகச் சரக்கு சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். கை தளர்ந்தால் விரல் உள்ளே போகாது, எல்லாம் பாஸ். பொல்லாத மூளை! அந்தப் பெட்டி யார் வீட்டுத் தரையில் கிடக்குமோ, எந்தப் பிள்ளை அதை இறுக்கிப் பிடிக்குமோ என்று மெர்சி நினைத்துக்கொண்டே இருப்பாள். தள்ளினாலோ, கான்ட்ராக்ட்காரன் அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிடமாட்டான்.

இதற்கு நடுவில் அவளுக்கொரு விசித்திரப் பழக்கம். காலையிலிருந்து இடது கையால் ஒரு துரும்பையும் தொடமாட்டாள். பஸ் கம்பியைப் பிடிப்பதும் டிபன் டப்பாவைத் திறப்பதும் வலது கைதான். இடது கை துப்பட்டாவுக்குள் மடியில் கிடக்கும்.

"இன்னாக்கா, அந்தக் கைக்கு லீவா?" என்பாள் பக்கத்து மேசை பானு.

"இருக்கட்டும் வுடும்மா."

இன்று சாப்பாடு முடிந்ததும் குணாவே டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

"மெர்சிக்கா, சாய்ங்காலம் லாரி வந்துடும். சும்மா தொட்டுத் தொட்டு வுடு."

"கையி வுட்டுப்போச்சு சார்."

"அதாங்க்கா சொல்றேன். ரொம்ப அமுக்காத."

மெர்சி எஃகு விரலைக் கீழே வைத்தாள். வலது மணிக்கட்டை ஒருமுறை நீவிக்கொண்டாள். பிறகு துப்பட்டாவை ஒதுக்கி, இடது கையால் விரலை எடுத்து, எழுந்து நின்று அழுத்தினாள்.

பல்பு எரிந்தது. அவள் குணாவைப் பார்க்காமல் அடுத்த பெட்டியைக் கவ்வியில் மாட்டினாள்.