லிஃப்றுக்குள் செய்தி வாசிப்பவர்

தயாளநேசன் அண்ணை வோபர்னில் இருக்கும் தமிழ்ச் செய்தி வானொலியின் ஆஸ்தான குரல். மூச்சு விடுவதே விளம்பர இடைவேளையில்தான். இன்று கடதாசிச் சீட்டு விளையாட வானொலி நிலையத்திலிருந்து கள்ளமாக இறங்கியபோது லிஃப்ற் இடையில் நின்றுவிட்டது. அலாரத்தை அமத்தி அமத்தி விரலே அரை அங்குலம் தேய்ந்தது. கடைசியில் மனைவி குணவதிக்கு போன் எடுத்தார்.

"லிஃப்றுக்கை மாட்டுப்பட்டுப் போனன், ஆரையும் அனுப்பு!"

"ஆரடா நீ, குரல் மாத்திற கள்ளன்? என்ரை மனுசன் இப்ப றேடியோவிலை நேரடியா வாசிச்சுக்கொண்டிருக்கிறார்."

"ஐயோ, உது காலமை பதிஞ்சு வைச்சது! நெடுகலும், ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான்!"

"நெடுகலுமோ? நேரடி ஒலிபரப்பு, இடத்தை விட்டு அரக்க ஏலாது எண்டுதானே என்ரை தம்பியின்ரை கலியாணத்துக்கும் வரேல்லை! நில்லுங்கோ, நானே வாறன்."

அந்த நேரம் பார்த்து லிஃப்ற் கதவு திறந்தது. அண்ணை மூடுகிற பொத்தானை அமத்தினார்.